களிமண்ணுக்கு வலிக்கட்டும்

நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு கலைப்படைப்பு பிடிக்கவில்லை என்றால் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்லி நிறுத்திக்கொள்ள மாட்டோம். 'இது நம்ம மரபு கிடையாது' என்போம். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர் 'மேற்கத்திய மனச்சிக்கல்' என்பார். பிள்ளை பெற்றவர் 'குழந்தைங்க பார்த்தா என்னாகும்' என்பார். பார்ப்பவரைத் தொந்தரவு செய்கிற களிமண் அனிமேஷன் படங்களைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் இந்த மூன்று பதில்களும் வரிசை மாறாமல் வருகின்றன. மூன்றுமே தப்பு. அதிலும் முதல் பதிலைப் புதுப்பட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் சொல்லும்போது எனக்குக் கோபமே வருகிறது.

எந்தப் படங்களைச் சொல்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்வீடனைச் சேர்ந்த நதாலி யூர்பெர்க் களிமண் பொம்மைகளை வைத்துக் குறும்படங்கள் எடுக்கிறார். அவருடைய துணைவர் ஹான்ஸ் பெர்க் இசையமைக்கிறார். 2009 வெனிஸ் பியனாலேயில் 'தி எக்ஸ்பெரிமென்ட்' என்ற படைப்புக்காக யூர்பெர்க்குக்கு இளம் கலைஞருக்கான வெள்ளிச் சிங்கம் விருது கிடைத்தது. அவருடைய 2008ஆம் ஆண்டுப் படம் ஒன்றில் குழந்தைகள் ஒவ்வொருவராகத் தாயின் உடலுக்குள் திரும்பப் புகுந்துகொள்கிறார்கள். கடைசியில் அவள் உடல் அவளுடையதாக இல்லை. அதே ஆண்டின் இன்னொரு படத்தில் காட்டில் விழுந்து இறந்த ஒரு பெண்ணின் உடல் மெல்ல அழுகுகிறது. புழுக்கள் வருகின்றன, விலங்கு வருகிறது. கேமரா முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. பொம்மைகளின் கண்கள் பெரிதாக, பற்கள் கோணலாக, தோலில் கைரேகை அப்படியே தெரியும்.

இவருக்கு முன்னோடி செக் நாட்டு யான் ஷ்வாங்க்மயர். 1982இல் அவர் எடுத்த 'உரையாடலின் சாத்தியங்கள்' பன்னிரண்டு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். மூன்று பகுதிகள். நடுப்பகுதியில் ஒரு ஆணும் பெண்ணும் மேசையருகே எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். இருவரும் களிமண். முத்தமிடுகிறார்கள், தழுவுகிறார்கள், கரைந்து ஒரே மண்ணாகிப் புரள்கிறார்கள். மறுபடி பிரிந்து உட்காரும்போது மேசைமேல் ஒரு சின்னக் கட்டி மிச்சம் கிடக்கிறது. அது யாருடையது? அந்தக் கட்டி ஆளிடம் போய் ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறது. இவன் தள்ளிவிடுகிறான், அவளும் தள்ளிவிடுகிறாள். கடைசியில் அதைத் தூக்கி ஒருவர் முகத்தில் ஒருவர் எறிகிறார்கள். கொஞ்ச நேரம் முன்னால் தழுவிய அதே விரல்கள் இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பிய்க்கின்றன. குடும்பநல நீதிமன்ற வராந்தாவில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்தப் படத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது. 1983இல் பெர்லினில் சிறந்த குறும்படத்துக்கான தங்கக் கரடி வாங்கிய இந்தப் படத்தை அன்றைய செக்கோஸ்லோவாக்கிய அரசுக்குப் பிடிக்கவில்லை. சர்வாதிகாரிகளுக்கும் குடியிருப்போர் சங்கங்களுக்கும் ரசனை பல இடங்களில் ஒத்துப்போகிறது.

இந்தக் காட்சியை நடிகர்களை வைத்து எடுத்திருந்தால் ரத்தச் சாயம் பூசிய சண்டைக்காட்சி ஆகியிருக்கும். கணினியில் செய்திருந்தால் வழுவழுவென்று ஒரு மாயவித்தை ஆகியிருக்கும். களிமண்ணில் செய்ததால்தான் அது நம் உடம்பில் உறைக்கிறது. காரணம் அந்தப் பொருளின் தன்மை. 1897இல் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் வில்லியம் ஹார்பட் என்ற ஓவிய ஆசிரியர் காய்ந்துபோகாத ஒரு களிமண்ணைக் கண்டுபிடித்து அதற்குப் பிளாஸ்டிசின் என்று பெயர் வைத்தார். மாணவர்கள் தப்பாகச் செய்ததை அழித்துத் திரும்பச் செய்ய வேண்டும் என்பதுதான் அவர் தேவை. அந்தக் குணம்தான் பின்னால் சினிமாவுக்கு உதவியது. ஒரு பொம்மையின் கை மேலே போக வேண்டும் என்றால், கலைஞர் அந்தக் கையைச் சற்றே வளைத்து ஒரு படம், இன்னும் சற்றே வளைத்து ஒரு படம் என்று எடுக்கிறார். வினாடிக்குப் பன்னிரண்டு என்று வைத்தாலும் ஒரு நிமிடத்துக்கு 720 படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முந்தைய உருவம் கட்டைவிரலால் அழிக்கப்படுகிறது. திரையில் உயிராகத் தெரிவது, அடுத்தடுத்து நசுக்கப்பட்ட உருவங்களின் வரிசை. இந்த ஊடகத்தில் வன்முறையை யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்கவில்லை. அது வேலையின் அடிப்படையிலேயே இருக்கிறது. குழந்தைகளுக்கான களிமண் படங்கள் இதை மறைக்கின்றன. யூர்பெர்க்கும் ஷ்வாங்க்மயரும் மறைக்க மறுக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி உள்ளூருக்கு வருகிறேன். நான் இருக்கும் புதுப்பட்டினத்தில் ஒரு குடியிருப்பு விழா. பிள்ளைகள் ஆடினார்கள், பாடினார்கள், மாறுவேடம் போட்டார்கள். பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண், தான் கைபேசியில் எடுத்த மூன்று நிமிடக் களிமண் படத்தைக் கொடுத்திருந்தாள். ஸ்டேஷனரிக் கடையில் விற்கும் கலர் களிமண் பாக்கெட்டுகள், ஒரு மேசைவிளக்கு, அட்டைப்பெட்டி. இரண்டாயிரத்துக்கும் மேல் படங்கள். ஃபேனைப் போட்டால் பின்னால் ஒட்டிய தாள் ஆடுகிறது, நிறுத்தினால் நம்ம ஊர் வெக்கையில் பொம்மை குழைந்து சாய்கிறது. அதனால் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் உட்கார்ந்து எடுத்திருக்கிறாள்.

படம் இதுதான். கடற்கரையில் விரலுயர மனிதர்கள் நிற்கிறார்கள். வலை, படகு, ஒரு நாய். நீலக் களிமண் எழுந்து வந்து எல்லோரையும் உருட்டிக்கொண்டு போகிறது. திரும்பத் துப்பும்போது மனிதர்கள் தனித்தனியாக இல்லை. ஒரே கட்டி. அதில் நாலைந்து கைகள், ஒரு காது, பாதி முகம், ஒரு மூக்குத்தி. அந்தக் கட்டி ஊர்ந்து ஊர்ந்து ஒரு வீட்டு வாசலுக்கு வந்து கதவைத் தட்டுகிறது.

இந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டார்கள். "இன்னா சார் இது, கொழந்தைங்க இருக்கிற எடத்துல" என்று ஒருவர். "அந்தப் பொண்ண யார்கிட்டயாவது கவுன்சிலிங் கூட்டிட்டுப் போங்கம்மா" என்று இன்னொருவர், அவள் அம்மாவிடம். அடுத்ததாக ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆறு வயதுப் பிள்ளைகள் இடுப்பை ஆட்டி ஆடினார்கள். அது யாருக்கும் தொந்தரவாக இல்லை.

நிறுத்திய இடத்துக்குப் பிறகு என்ன வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டுப் பார்த்தேன். கதவைத் திறந்துகொண்டு ஒரு கிழவி வருகிறாள். கட்டியிலிருந்து கைகளையும் காதையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்கப் பார்க்கிறாள். நீலமும் சிவப்பும் மஞ்சளும் கலந்துபோய்விட்டதால் பிரிக்க முடியவில்லை. கட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிடுகிறாள். படம் முடிகிறது.

2004 டிசம்பர் 26 காலையில் இந்தக் கரையில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்களுக்கு இது எந்த மேற்கத்தியச் சிக்கலும் இல்லை என்பது புரியும். அந்தப் பெண் பிறந்தது சுனாமிக்குப் பிறகு. அவளுடைய ஆயா பக்கத்துக் குப்பத்தில் இருக்கிறவர். அவருக்குக் கைபேசியில் முழுப் படத்தையும் காட்டியிருக்கிறாள். "இப்படித்தாம்மா இருந்துது. யாரு எவுருன்னு தெர்ல" என்று சொல்லி இன்னொரு தரம் போடச் சொன்னாராம். இழந்தவருக்குப் பார்க்க முடிகிறது. கேட்டுத் தெரிந்துகொண்டவருக்குத்தான் பார்க்க முடியவில்லை. எங்கள் பகுதியில் ஒவ்வொரு டிசம்பரும் கடலில் பால் ஊற்றுகிறார்கள், பூப் போடுகிறார்கள், மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் உடல்களை அடையாளம் காண முடியாமல் போனதைப் பூ சொல்லாது. அந்த மூன்று நிமிடம் சொன்னது. துக்கம் அழகாக வந்தால் மட்டும் உள்ளே விடுவோம் என்கிற சபைக்கு ரசனை இருப்பதாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது மரபுக்கு வருவோம். 'நம்ம மரபு கிடையாது' என்றார்களே, அதற்கு.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடப்பதைப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி தெருக்கூத்து என்று பல நாள் நடந்து, கடைசியில் ஒரு காலைப்பொழுதில் படுகளம். திறந்தவெளியில் துரியோதனன் மல்லாந்து படுத்திருப்பான். முழுக்க மண். நாற்பது ஐம்பது அடி நீளம்கூட இருக்கும். முறுக்கிய மீசை, பிதுங்கிய கண், தலையில் கிரீடம், உடம்பெல்லாம் வண்ணம். கூத்தில் பீமன் வேஷம் கட்டியவரும் துரியோதனன் வேஷம் கட்டியவரும் அந்த உடம்பைச் சுற்றி ஓடுவார்கள், அதன் மேலேயே ஏறி நின்று வசனம் பேசுவார்கள். பீமன் தொடையில் அடிப்பான். தொடைக்குள் முன்கூட்டியே புதைத்து வைத்த சிவப்புத் தண்ணீர் பீறிடும். அந்தச் சிவப்பைத் தொட்டுத் திரௌபதியின் கூந்தலில் தடவி முடிவார்கள். காந்தாரி வேஷக்காரர் முறமும் துடைப்பமுமாக வந்து ஒப்பாரி வைப்பார். அது முடிந்ததும் சனங்கள் பாய்ந்து அந்த மண்ணைப் பிடி பிடியாக அள்ளிக்கொண்டு போவார்கள். சாயங்காலம் தீமிதி.

அப்பன் தோளில் உட்கார்ந்து மூன்று வயதுப் பிள்ளை இதைப் பார்க்கிறது. அதற்கு யாரும் கவுன்சிலிங் கொடுத்து நான் பார்த்ததில்லை.

படுகளத் துரியோதனன் அசைவதில்லையே, அது எப்படி அனிமேஷன் ஆகும் என்று கேட்கலாம். அசைவதில்லைதான். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்று: மண்ணை உடம்பாக்கலாம், அந்த உடம்புக்கு வலிக்கும், அந்த வலியை ஊர்கூடிப் பார்க்க வேண்டும். கூத்தில் வேஷக்காரர் மண்ணுக்குப் பதிலாக அசைகிறார். படத்தில் கலைஞரின் விரல் கண்ணுக்குத் தெரியாமல் அசைக்கிறது. மாசி மாதம் மயானக் கொள்ளையில் சுடுகாட்டு மண்ணில் உருவம் போட்டுச் சூறையிடுவதும் இதே வழக்கத்தின் இன்னொரு கிளை. உடைபடுவதற்காகவே மண்ணில் உடம்பு செய்கிற ஒரு பகுதியில் இருந்துகொண்டு, களிமண்ணில் வேதனையைக் காட்டுவது வெளிநாட்டுச் சரக்கு என்பவர் தன் ஊர்த் திருவிழாவுக்குப் போய் எத்தனை வருஷம் ஆயிற்று என்று சொல்லட்டும்.

மண்ணை விடுங்கள், கல்லுக்கு வாருங்கள். மாமல்லபுரம் எங்களுக்குப் பக்கத்தில்தான். அங்கே திரௌபதி ரதம் என்று நாம் அழைக்கும் சின்னக் கோயில் உண்மையில் கொற்றவைக்கு உரியது. உள்ளே கொற்றவையின் காலடியில் ஒருவன் மண்டியிட்டு, தன் குடுமியைத் தானே ஒரு கையில் பிடித்து, மறுகை வாளைக் கழுத்துக்குக் கொண்டுபோகிறான். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பம். சுற்றுலா வருகிறவர்கள் அதன் வாசலில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு, 'எவ்ளோ அழகு' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பரணி இலக்கியத்தில் பேய்கள் போர்க்களத்தில் பிணங்களை வைத்துக் கூழ் சமைக்கின்றன. காரைக்கால் அம்மையார் அழகான உடம்பை உதறிப் பேயுருவை வேண்டி வாங்கிக்கொண்டவர். அந்த வற்றிய முலைகளையும் துருத்திய எலும்பையும் சோழர்காலக் கலைஞர்கள் செம்பில் வார்த்தார்கள். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் அச்சத்துக்கும் இளிவரலுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. இளிவரல் தோன்றும் இடங்களாக மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்று நான்கைச் சொல்கிறது. யூர்பெர்க்கின் பொம்மைகள் வேறு எதைக் காட்டுகின்றன? மூப்பு, பிணி, வருத்தம், எளியவர்மேல் வலியவரின் கை. தொல்காப்பியருக்குப் புரிந்திருக்கும். நம் மேடைக்காரர்களுக்குப் புரியவில்லை.

சரி, குழந்தைகள்? களிமண் என்றாலே குழந்தை என்கிற சமன்பாடு எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூட மண், பிங்கு, வாலஸ் அண்ட் குரோமிட். நம் நாட்டில் 2007இல் வந்த 'தாரே ஜமீன் பர்' படத்தில் திமந்த் வியாஸ் செய்த களிமண் காட்சிகள். சுரேஷ் எரியத் இயக்கிய 'டோக்ரி' என்ற குறும்படம், ஒரு சிறுமியின் குற்றவுணர்வை மண்ணில் எவ்வளவு பொறுமையாகச் சொன்னது! இவையெல்லாம் எனக்கும் பிடிக்கும். இனிமையான களிமண் படம் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் குழந்தைகளை முன்வைத்துப் பேசுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1985இல் வில் வின்டன் எடுத்த 'மார்க் ட்வைனின் சாகசங்கள்' குழந்தைகளுக்கான முழுநீளக் களிமண் படம். அதில் முகமூடியைக் கையில் பிடித்த ஒரு தலையற்ற உருவம், தன் பெயர் சாத்தான் என்று சொல்லிக்கொண்டு, பிள்ளைகளோடு சேர்ந்து குட்டிக் களிமண் ஊர் ஒன்றைச் செய்கிறது. ஊரில் சண்டை வருகிறது. அது சலிப்போடு அவர்களை நசுக்கிப் போடுகிறது. அந்தக் காட்சியைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் மறப்பதில்லை. மறக்காமல் இருப்பது கேடு என்று யார் சொன்னது? பாட்டி சொன்ன கதைகளில் நமக்கு நினைவிருப்பவை எவை, யோசித்துப் பாருங்கள்.

எல்லாப் படத்தையும் எல்லா வயதினருக்கும் போட வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. யூர்பெர்க்கின் படங்கள் பெரியவர்களுக்கானவை. வயது பார்த்துக் காட்டுவது ஒரு ஏற்பாடு. அதைச் செய்யத் துப்பில்லாமல், பெரியவர்களும் பார்க்கக் கூடாது, பிளஸ் ஒன் பெண் எடுக்கவும் கூடாது என்பது அதிகாரம்.

எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்களிடமும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. சென்னைக் கலைக்கூட வட்டங்களில் சிலருக்கு எது குமட்டினாலும் அது உயர்ந்த கலை. குடல் சரிந்தால் 'எல்லை மீறல்', பொம்மை வாந்தியெடுத்தால் 'உடலரசியல்'. இதுவும் சோம்பல்தான். இணையத்தில் நிமிடத்துக்கு ஒரு தலை நசுங்குகிற களிமண் வீடியோக்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் வலி கிடையாது, கூச்சல் மட்டும்தான். யூர்பெர்க்கிடமும் சில படங்கள் தன்னையே திரும்பச் செய்வதாக எனக்குப் படுகிறது. கொடுமை நடக்கிறது, இன்னும் நடக்கிறது, அத்தோடு முடிகிறது.

அப்படியானால் எதை வைத்துப் பிரிப்பது? எனக்குப் படுகளம்தான் அளவுகோல். அங்கே தொடை பிளந்ததோடு விழா முடிவதில்லை. கூந்தல் முடியப்படுகிறது. அதாவது அந்தக் கொடுமைக்கு ஒரு காரணம் இருந்தது, ஒரு சபை அதை வேடிக்கை பார்த்தது என்பது ஊருக்கு நினைவூட்டப்படுகிறது. காந்தாரி அழுகிறாள். அதாவது அடிபட்டவன் கெட்டவனே ஆனாலும் அவனுக்கும் அழ ஒரு ஆள் உண்டு. மண்ணை வீட்டுக்கு எடுத்துப் போகிறோம். அதாவது பார்த்ததை அங்கேயே விட்டுவிட்டு வர முடியாது. ஒரு படம் என்னைத் தொந்தரவு செய்தால், அந்தத் தொந்தரவில் யாருடைய வலி இருக்கிறது, அதற்கு யார் பொறுப்பு என்று கேட்க வைக்கிறதா என்று பார்ப்பேன். ஷ்வாங்க்மயரின் மேசைமேல் கிடந்த கட்டி அதைக் கேட்க வைக்கிறது. யூர்பெர்க்கின் தாய் கேட்க வைக்கிறாள். புதுப்பட்டினத்துப் பெண்ணின் மூன்று நிமிடமும் கேட்க வைக்கிறது. தலை நசுங்கும் வீடியோ கேட்க வைப்பதில்லை.

இதில் கூலிக்கணக்கும் இருக்கிறது. ஐரோப்பாவில் களிமண் உடம்பு செய்கிறவருக்கு அருங்காட்சியகம் கிடைக்கிறது. 2018இல் ஸ்டாக்ஹோமின் மாடர்னா மியூசியம் யூர்பெர்க்குக்கும் பெர்க்குக்கும் பெரிய கண்காட்சி வைத்தது, தலைப்பிலேயே சேறு என்ற சொல்லோடு. மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசுச் சிற்பக் கல்லூரி இருக்கிறது, நல்லது. ஆனால் படுகளத்துக்கு மண் மிதித்து, ஐம்பதடி உடம்பு எழுப்பி, எந்த இடத்தில் அடித்தால் சிவப்பு பீறிடும் என்று கணக்குப் போட்டுக் குடம் புதைக்கிறவரை நாம் கலைஞர் என்றே அழைப்பதில்லை. 'அந்த மண் வேலை செய்றவரு' என்கிறோம். சமகாலக் கலை என்ற சொல்லுக்குள் அவரைக் கொண்டுவராமல் வெனிஸைப் பார்த்து வாய்பிளப்பதும் பிழை, வெனிஸைப் பார்த்துக் காறித் துப்புவதும் பிழை.

நான் கேட்பது பெரிதாக எதுவும் இல்லை. இந்தப் படங்களை நம் கல்லூரிகளிலும் சிற்றூர்த் திரையிடல்களிலும் முழுதாகப் போடுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள். போட்டுவிட்டுப் பேசுங்கள். பேச்சில் படுகள மண் வேலைக்காரரையும் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே சன்மானத்தோடு. பதினாறு வயதுப் பிள்ளை கைபேசியில் ஒரு சிதைந்த உருவத்தைச் செய்து கொண்டுவந்தால், அவளுக்கு என்ன வியாதி என்று தேடுவதற்கு முன்னால், அவள் யாரிடம் எந்தக் கதையைக் கேட்டாள் என்று விசாரியுங்கள். பதில் உங்கள் தெருவிலேயே கிடைக்கும். அந்தப் பதிலைக் கேட்கும் தைரியம் இல்லையென்றால் அதைச் சொல்லிவிடுங்கள். மரபைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். அது உங்கள் பக்கம் சாட்சி சொல்லாது.